கோணல் வட்டம்

ஜூலை 6

அன்புள்ள சிராய்க்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான், உன் அண்ணி, மகள் மூவரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது, ஒரு பக்கமாவது நிரப்பியாக வேண்டும்.

எழுத வேறு காரணமும் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு ஒரு புது வகுப்பு தொடங்கியிருக்கிறோம். கட்டடக்கலை மாணவர்கள் எட்டுப் பேர், பொறியியல் எட்டுப் பேர், கட்டுமானப் பிரிவு எட்டுப் பேர். எல்லாரும் சேர்ந்து நூலகத்துக்குப் பின்னால் மரத்தாலேயே ஒரு படிப்பறையை வடிவமைத்து, தங்கள் கையாலேயே கட்டி முடிக்க வேண்டும். வழக்கமாக என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். நாங்கள் ஒல்லியாக வரைவோம், பொறியியல்காரர்கள் அதைத் தடியாக்குவார்கள், கட்டுகிறவர்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே கட்டுவார்கள். அதை மாற்றிப் பார்க்கலாம் என்று ஆசை.

முதல் மாதம் யாரும் படம் வரையக் கூடாது என்று விதி போட்டிருக்கிறேன். மற்ற பிரிவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதித்தான் விளக்க வேண்டும். படத்தைக் காட்டினால் எல்லாரும் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. அதனால்தான் உனக்கு இந்தக் கடிதம்.

வகுப்பின் முன்னால் ஒரே மாதிரி மூன்று நாற்காலிகளை நூல் பிடித்தாற்போல வரிசையாகப் போட்டிருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று பொறியியல் ஆசிரியைக்கு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கணக்கு டீச்சர். மூன்றாவது காலி. மரத்தை அறுத்து, பொருத்தி, தூக்கி நிறுத்திய ஒருவர் அதில் உட்கார வேண்டும். நவம்பர் முடிவதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் வகுப்பைக் கலைத்து அவரவர் துறைக்கு அனுப்பிவிடுவதாக முதல்வர் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே ஒரு ஆள்தான் தோன்றுகிறது. நீ வருவாயா?

மாப்பிள்ளைக்கு என் அன்பு. மாடிப்படி ஏறாதே.

அண்ணன்


ஜூலை 21

அன்புள்ள ரப்பர் அண்ணாவுக்கு,

சிராய் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் மட்டும் தனி ஆளாகக் குடித்தனம் நடத்துகிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அண்ணிக்கு இருமல் விட்டதா? மருமகள் இன்னும் பென்சில் கடிக்கிறாளா?

படம் இல்லாத வகுப்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீயா? பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்து சாய்ந்திருந்தால்கூட அழித்து எழுதுவாய். உன் நோட்டோடு நிறுத்தினாயா? என் நோட்டையும் பிடுங்கி அழிப்பாய். அதில்தானே உனக்கு ரப்பர் என்று பெயர் வந்தது, கையெல்லாம் மரச்சிராய் குத்திக்கொண்டதில் எனக்குச் சிராய் என்று வந்ததைப் போல.

உன் விதியை வீட்டில் முயன்று பார்த்தேன். நாக்கு வைத்த மூட்டு ஒன்றை வாயால் சொன்னேன். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி நாக்கு எடுப்பது, இன்னொரு கட்டையில் குழி வெட்டுவது, நாக்கை அதில் இறக்குவது. இவ்வளவுதான். உன் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே வரைந்தார். வந்தது என்னவோ வாய் பிளந்த முதலை. "நாக்கு எந்தப் பக்கம்னு நீ சொல்லவே இல்லையே"ன்னு என்மேலேயே பாய்கிறார். யோசித்தால் அவர் சொன்னது சரி. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதை நான் சொல்லவில்லை. உன் பிள்ளைகளுக்கு அதை முதல் வரியாக எழுதச் சொல்.

தொழிற்சாலையில் வேலை அப்படியேதான். இயந்திரங்களை அனுப்ப மரப்பெட்டி அடிக்கிறோம். போய்ச் சேர்ந்ததும் உடைத்துப் போட்டுவிடுவார்கள், யார் அடித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அது பழகிவிட்டது.

மழைக்கு முன் ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய் போடு. அண்ணிக்கு என் அன்பு.

சிராய்


ஆகஸ்ட் 4

அன்புள்ள சிராய்க்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்கு இருமல் விட்டது. உன் மருமகள் பென்சிலை விட்டுவிட்டு ஸ்கேலைக் கடிக்கிறாள். முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை அதையும் நீயே ஆணி அடித்துச் சரிசெய்யப் போகிறாயா?

போன வாரம் வகுப்பில் நடந்ததைக் கேள். ஒரு மாதிரிச் சுவர் எழுப்பி, அதன்மேல் ஓர் உத்தரம் வைக்கச் சொன்னோம். மூன்று பிரிவும் கடிதத்தில் பேசி முடிவெடுத்தார்கள், நீளம் மூன்று மீட்டர் என்று. தூக்கி வைத்தால் இரண்டு சுவருக்கும் நடுவில் தொப்பென்று கீழே விழுந்தது! என் பிள்ளைகள் சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் உள்முகம் வரை அளந்திருக்கிறார்கள். கணக்கு டீச்சரின் பிள்ளைகளுக்கு நீளம் என்றால் சுவரின் நடுவிலிருந்து நடுவரை. கட்டுமானப் பிள்ளைகளுக்கு மரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை. "நீளம்னா நீளம்தானே சார், அதுல என்ன கேக்குறது?" என்றான் ஒருவன். கேட்காததால்தான் விழுந்தது என்றார் கணக்கு டீச்சர்.

அடுத்த வாரம் ஒரு பழைய கட்டடத்தை ஆராயக் கொடுக்கப் போகிறோம். இசைப்பள்ளி அரங்கம்தான். நான் வரைந்து நீ கட்டிய அதேதான். திறந்த எட்டாம் மாதம் உத்தரங்கள் வெடித்து அரங்கத்தை மூடியதும், ஈர மரத்தைப் போட்டுவிட்டார்கள் என்று விசாரணையில் எழுதியதும், உன் பட்டறையை மூடிப் பதினொரு பேர் வேலை இழந்ததும் ஆறு வருஷமாக என் மனசில் கிடக்கிறது. நீ ஈர மரம் போடுகிறவள் இல்லை. ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் புதுக் கண்ணால் பார்த்தால் உண்மை வெளியே வரலாம்.

மூன்றாவது நாற்காலி பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கவனித்தேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 9

அண்ணாவுக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்கட்டும்.

இசைப்பள்ளியை வகுப்பில் வைக்காதே. வேறு கட்டடமா இல்லை? வேறு எதையாவது வை.

சிராய்


ஆகஸ்ட் 30

அன்புள்ள சிராய்க்கு,

நாலே வரியில் கடிதமா? கோபமா, முழங்கால் வலியா? இரண்டில் எது என்றாலும் எழுது. இங்கு அனைவரும் சௌக்கியம்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அரங்கத்தின் புகைப்படங்களைக் கொடுத்துவிட்டேன். திரும்பக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். கட்டுமானப் பிரிவில் ஒரு பெண், அதிகம் பேசமாட்டாள். வெடித்த உத்தரத்தின் புகைப்படத்தை நாலு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் கை தூக்கினாள்.

"சார், ஈர மரம்னா கண்ட இடத்துல வெடிச்சிருக்கும். இது ஏன் சார் இரும்புத் தகடு இருக்கிற இடத்துல மட்டும் வெடிச்சிருக்கு?"

வகுப்பே எழுந்து படத்தைச் சூழ்ந்துகொண்டது. அவள் சொன்னது சரி. உத்தரத்தின் இரண்டு முனையிலும் தகடு பொருத்திய இடத்தில், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே, நார் ஓடும் திசையில் ஒரே கோடாக விரிசல். மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆறு வருஷம் நான் இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை.

நீ மரத்தின் ஈரத்தை அளந்து நோட்டில் குறிப்பாயே, அது இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. உன் பெயரைத் துடைத்து எடுத்துவிடலாம் என்று நம்பிக்கை வந்திருக்கிறது. எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 24

அன்புள்ள சிராய்க்கு,

மூன்று வாரம் ஆயிற்று. போன் செய்தால் மாப்பிள்ளை எடுக்கிறார். "நல்லாத்தான் இருக்கா" என்கிறார். அவருக்கும் நீதான் பாடம் எடுத்தாயா?

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். கேள். பலகைகளை அடுக்கி ஒட்டிய இரண்டு உத்தரத் துண்டுகளை எடுத்தோம், இரண்டும் நன்றாகக் காய்ந்தவை. ஒன்றில் தகட்டை வட்டத் துளைகளில் முடுக்கினோம். இன்னொன்றில் தகட்டின் துளைகளை மேலும் கீழுமாக நீட்டி முட்டை வடிவில் வெட்டச் சொன்னார் கணக்கு டீச்சர். இரண்டையும் ஹீட்டர் பக்கத்தில் வைத்தோம். பிள்ளைகள் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். இருபதாம் நாள் காலை, வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கும்போது, டப் என்று ஒரு சத்தம். வட்டத் துளை போட்டது வெடித்துவிட்டது! முட்டைத் துளை போட்டது அப்படியே இருக்கிறது.

கணக்கு டீச்சர் விளக்கினார். ஏசி அறையில் காய்ந்த மரமும் இன்னும் காயும். காய்ந்தால் உயரத்தில் சுருங்கும். இரும்பு சுருங்காது. துளை வட்டமாக இருந்தால் மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் மரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மரம் வேறு வழியில்லாமல் பிளக்கும். முட்டையாக இருந்தால் போல்ட் தகட்டுக்குள் நகர இடம் உண்டு. "இது எங்களுக்கு அரிச்சுவடி சார், எந்த இன்ஜினியரும் இதை விடமாட்டாங்க" என்றார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வாழ்க்கையில் முட்டை வாங்கி ஜெயித்தது இதுதான் முதல் தடவையாம்.

அப்படியென்றால் நம் அரங்கத்துக்குக் கணக்குப் போட்ட இன்ஜினியர் விட்டிருக்கிறார். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறாராம். அவர் கையால் வரைந்த தாள்களை அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். அவர் விட்ட தப்புக்கு என் தங்கை பேச்சு வாங்கினாள். அந்த மனுஷனைச் சும்மா விடப் போவதில்லை.

ஒரு வரியாவது எழுது. அண்ணி கவலைப்படுகிறாள்.

அண்ணன்


அக்டோபர் 2

அண்ணாவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, அண்ணியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். முழங்காலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெரியவரை விட்டுவிடு. அவர்மேல் தப்பில்லை. அவர் வரைந்தது முட்டைதான். உன் கணக்கு டீச்சர் சொன்னது சரி, எந்த இன்ஜினியரும் அதை விடமாட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. மரத்தில் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு. அதுவும் சரிதான்.

இதற்கு மேல் தோண்டாதே அண்ணா. பிள்ளைகளுக்குப் பாடம் கிடைத்துவிட்டது இல்லையா, அதோடு நிறுத்து. மருமகளுக்கு என் முத்தம்.

சிராய்


அக்டோபர் 19

சிராய்,

நலம் விசாரிக்கும் தகுதி இன்று எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது?

பெரியவர் தாள்களை அனுப்பிவிட்டார். உடன் ஒரு துண்டுக் கடிதம்: "உங்கள் தங்கை அப்போதே வந்து பார்த்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் வரைபடத்தில் நானும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டேன், அதனால் பேசாமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது."

அவர் தாளில் பென்சிலால் வரைந்த முட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் நாலு. பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. எதற்குக் குறிப்பு, பார்த்தாலே தெரியுமே என்று நினைத்திருப்பார். நான் பரணில் இருந்த என் பழைய வரைபடக் குழாயை இறக்கிப் பிரித்தேன். அதே தகடு, அதே இடம். துளைகள் வட்டம். சுத்தமான, அழகான வட்டம்.

உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தபோது ஞாபகம் வந்துவிட்டது. அவர் படத்தை மறுபடி வரைந்து கொடுத்தது நான்தான். முட்டைகளைப் பார்த்து, பாவம், வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, வட்டம்கூடக் கோணலாக வருகிறது என்று நினைத்தேன். அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திருத்தினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் மனசு நோகும் என்றுகூட நினைத்ததாக ஞாபகம். தகடு வெட்டியவர்கள் என் தாளைப் பார்த்து வெட்டினார்கள்.

உன் பட்டறையை மூடியது நான். உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே ஆறு வருஷம் என் மகளுக்குப் பிறந்தநாள் சட்டை அனுப்பிக்கொண்டிருந்தாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வகுப்பு. எல்லாரும் இன்ஜினியரின் தாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அண்ணன்


அக்டோபர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்காலை விசாரிக்கத் தகுதி எதற்கு? வலிக்கிறது. டாக்டர் தாழ்ந்த இடத்தில் உட்காராதே என்கிறார்.

அரங்கத்தை மூடிய வாரம் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தாளைக் காட்டினார். யார் கை பட்டு முட்டை வட்டமாகியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நேரே உன் வீட்டுக்குத்தான் வந்தேன். நீ கல்லூரி வேலை ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய், அண்ணிக்கு ஏழாம் மாதம். காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நான் ஒன்றும் தியாகி இல்லை. எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. தகடுகள் வந்திறங்கியபோது வட்டத் துளையைப் பார்த்து எனக்கு உறுத்தியது. என் ஆள் ஒருவர், "ஏம்மா, இது முட்டையா இருக்கணுமே"ன்னு வாய்விட்டே கேட்டார். "எங்க அண்ணன் வரைஞ்சது, சரியாத்தான் இருக்கும்"னு சொல்லி முடுக்கச் சொன்னேன். வேறு யார் வரைந்திருந்தாலும் போன் போட்டுக் கத்தியிருப்பேன்.

ஆனால் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. வட்டத்துக்காக இல்லை. விசாரணைக் கூட்டத்தில் ஈர மரம் என்று அவர்கள் சொன்னபோது நீ எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய். உனக்கு வட்டம் முட்டை எதுவும் தெரியாது, சரி. "என் தங்கச்சி ஈர மரம் வைக்க மாட்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கி ஓரம் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வகுப்பில் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. நான் சொல்லு என்றும் சொல்ல மாட்டேன், சொல்லாதே என்றும் சொல்ல மாட்டேன்.

சிராய்


நவம்பர் 11

அன்புள்ள சிராய்க்கு,

வீட்டில் எல்லாரும் நலம். உன் கடிதத்தை அண்ணியிடம் காட்டினேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், "முதல்ல போய் வகுப்புல சொல்லுங்க" என்றாள். அதுவரை எந்த வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை, காய்ச்சல் என்று லீவு போட்டேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், காய்ச்சல் இல்லை, பயம்.

இந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். இரண்டு தாள்களையும் பலகையில் ஒட்டி, வட்டம் வரைந்த கை இது என்று காட்டினேன். கட்டியவர் என் தங்கை என்றும் சொன்னேன். புகைப்படத்தோடு திரிந்தாளே, அந்தப் பெண்தான் கேட்டாள்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டிருக்கலாம்மா."

"ஏன் கேக்கல?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பரீட்சைக்கு வரும் என்று நினைத்திருப்பாள்.

இப்போது வகுப்பில் அவர்களாகவே ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். பார்ப்பதற்குத் தப்பு மாதிரி இருக்கும், ஆனால் தெரிந்தே செய்த எந்தக் கோட்டின் பக்கத்திலும் ஒரு குட்டி முட்டை வரைகிறார்கள். அதைக் கண்டால் வரைந்தவரைக் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. படிப்பறையின் வரைபடம் முழுக்க முட்டைகள். கணக்கு டீச்சர் கோழிப்பண்ணை என்கிறார்.

இரண்டு தாள்களின் நகலையும் நீ உன் நோட்டிலிருந்து எழுதிய ஈரக் கணக்கையும் வைத்து இசைப்பள்ளிக்கும் விசாரணை செய்தவர்களுக்கும் எழுதிவிட்டேன். "என் தங்கை ஈர மரம் வைக்க மாட்டாள்" என்பதைத்தான் முதல் வரியாக எழுதினேன். ஆறு வருஷம் தாமதம். உன் பழைய ஆட்கள் பதினொரு பேருக்கும் ஒரு பிரதி போகிறது, நாலு பேர் விலாசம்தான் கிடைத்தது, மற்றவர்களுடையதை நீ அனுப்பு. முதல்வர் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். வகுப்பின் பொறுப்பு இனி கணக்கு டீச்சருக்கு. நான் சாதாரண ஆசிரியராக இருக்கலாமாம். இருந்துவிட்டுப் போகிறேன்.

மூன்றாவது நாற்காலி இன்னும் காலிதான், இந்த மாதத்தோடு கெடு முடிகிறது. உன்னை இனி கேட்க எனக்கு வாய் வராது. வேறு இருவரைப் பார்த்தோம், இருவரும் வரவில்லை. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

கால் ஜாக்கிரதை. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்


நவம்பர் 25

அன்புள்ள ரப்பர் அண்ணாவுக்கு,

இங்கே நலம். அண்ணியிடம் சொல், அந்த ஒரு நாள் மௌனத்துக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று.

ஏழு விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். "முட்டையா இருக்கணுமே"ன்னு கேட்டவருடையது முதலில் இருக்கிறது. அவருக்கு நகல் மட்டும் போதாது, உன் கையால் நாலு வரி எழுது. உன் கடிதத்தை நேற்று உன் மாப்பிள்ளை சத்தமாகப் படித்தார். விசாரணைக்காரர்களுக்கு நீ எழுதிய அந்த முதல் வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் உட்கார இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் நாலு மாதம் லீவு கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே கொடுத்துவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி கிளம்புகிறேன், முப்பதாம் தேதி காலை வகுப்பில் இருப்பேன். முதல்வரிடம் கெடு முடியவில்லை என்று சொல்.

ஒரு வேலை சொல்கிறேன், சரியாகச் செய். எனக்குப் போட்டிருக்கும் நாற்காலியின் நாலு காலுக்கும் அடியில் மூன்று அங்குலக் கட்டை வைத்து முடுக்கு. வரிசையில் அது மட்டும் துருத்திக்கொண்டு தெரியும், உனக்குக் கண்ணை உறுத்தும். நான் வருவதற்குள் கட்டையைக் கழற்றிவிடாதே. முழங்காலுக்காகத் தெரிந்துதான் கேட்கிறேன். நம்பாவிட்டால் போன் பண்ணிக் கேள்.

சிராய்